அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது: கொழும்பில் யாரிடம் விடுவது, காசுக்கு என்ன வழி?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு 79 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு, அவர் பெயரிலேயே இருக்கிறது. கூட இருப்பவர் அக்கா. வேலைக்குப் போகிறவர், திருமணம் செய்யவில்லை. நீங்களும் அண்ணாவும் ரொறன்ரோவில். அம்மா இரண்டு தரம் காஸைத் திறந்துவிட்டு அடுப்பை மூட்ட மறந்திருக்கிறார். போன மாதம் விடியப்புறம் நைட்டியோடு இறங்கி மரைன் டிரைவ் வரை போயிருக்கிறார். “மறதி நோய்க்கென்று கொழும்பில் நல்ல இல்லம் எது, மாதம் எவ்வளவு, எப்படிக் கட்டுவது?” இதுதான் உங்கள் கேள்வி.

நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கொழும்பில் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிறேன். என் மாமியை இதே நோயோடு ஏழு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

கனடாவில் நீங்கள் காணும் மாதிரி, மறதி நோயாளருக்கென்றே கட்டி, பயிற்சி பெற்றவர்களை இரவு பகல் வைத்து நடத்தும் இடம் இங்கே அரிது. இருப்பவை பெரும்பாலும் பொதுவான முதியோர் இல்லங்கள். தெஹிவளை, நுகேகொடை, ராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் வீடுகளை மாற்றி நடத்துகிறார்கள். சிலவற்றில் இந்த நோய் தெரிந்த ஆட்கள் உண்டு, பலவற்றில் கதவுக்குப் பூட்டு மட்டும்தான் உண்டு. ஆகவே இல்லத்தைத் தேடுவது உங்கள் முதல் வேலையாக இருக்கக்கூடாது. அது மூன்று மாதம் பொறுக்கும். பொறுக்காதது, வங்கிக்கும் சொத்துக்கும் வேண்டிய அம்மாவின் கையெழுத்து. அதற்கு முன் ஒரு டொக்டரின் முடிவு வேண்டும். இரண்டையும் இந்த மாதத்துக்குள் செய்யுங்கள்.

முதலில் நோய் இதுதானா என்று பாருங்கள். எங்கள் ஆட்கள் “அறளை பேந்திட்டுது, வயசு போனால் அப்பிடித்தான்” என்று விட்டுவிடுவார்கள். தைரொயிட் குறைந்தாலும், உடம்பில் பி12 குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், விழுந்து தலைக்குள் மெதுவாக இரத்தம் கசிந்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு இதே மறதிதான் தெரியும். அவற்றில் பலவற்றைக் குணப்படுத்தலாம். காது கேட்காதவரையும் மறதிக்காரர் என்று முடிவுகட்டிவிடுவதுண்டு. இன்னொன்று: வீட்டில் இருக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். பம்பலப்பிட்டியில் நான் பார்த்த ஒரு அம்மா, தோல் கடிக்கென்று யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த பிரிட்டன் (Piriton) குளிசையை இரண்டு வருடமாக இரவிலே போட்டுக்கொண்டிருந்தார். சாதாரணத் தடிமன் குளிசைதானே என்று ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. வயதானவரின் மூளையை அது கலக்கும். அதை நிறுத்தியபிறகு அந்த அம்மாவின் நோய் போய்விடவில்லை, ஆனால் மகளின் பெயர் திரும்ப வாயில் வந்தது.

திடீரென்று இரண்டு மூன்று நாளில் குழப்பம் கூடினால் அது வேறு கதை. சலத்தில் கிருமி, மலச்சிக்கல், உடம்பில் உப்புக் குறைதல், காய்ச்சல் என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அக்காவின் போனில் அந்த இலக்கம் இருக்கட்டும்.

எங்கே காட்டுவது? காசு கொடுத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினால் நரம்பியல் நிபுணரையோ மனநல நிபுணரையோ சீக்கிரம் பார்க்கலாம். ஆனால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் காத்திருப்பு நீளம், காசு இல்லை, கிளினிக் கொப்பியில் எல்லாம் வரிசையாகப் பதிந்திருக்கும், மருந்தும் கிடைக்கும். என் யோசனை: முதல் தரம் சனல் பண்ணி, பிறகு கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலவிலோ கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தில் முதியவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. அங்கொடை என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் குடும்பங்கள் எழும்பிப் போய்விடுகின்றன. அந்தப் பயத்தால் நல்ல உதவியை இழந்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய 1926 என்ற தொலைபேசிச் சேவைக்கு எந்த நேரமும் பேசலாம்.

டொனெபெசில், மெமன்ரீன் என்று குளிசை எழுதுவார்கள். சிலருக்குக் கொஞ்சக் காலம் தெளிவு தரும், நோயை நிறுத்தாது. தனியார் பார்மசியில் வாங்குவதானால் அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலயிலும் விலை கேட்டுப் பாருங்கள்.

இனிக் கையெழுத்து. இதைத்தான் நான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் உடையும் இடம் இது.

ஒன்ராறியோவில், புத்தி தடுமாறிய பிறகும் செல்லுபடியாகும்படி ஒரு அற்றோர்னித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், எழுதி வைக்கலாம். அதே எண்ணத்தோடு பலர் இங்கே அம்மாவிடம் அற்றோர்னித் தத்துவம் வாங்கிவிட்டு, எல்லாம் சரி என்று விமானம் ஏறுகிறார்கள். இலங்கைச் சட்டத்தில் அது அப்படி நிலைக்காது. கொடுத்தவருக்கு விளங்கும் சக்தி போய்விட்டால் தத்துவத்தின் பலமும் போய்விடும். அதற்குப் பிறகு அம்மாவின் சொத்தைத் தொடவேண்டுமானால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், மருத்துவச் சான்றோடு விசாரணை நடந்து, சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கச் செய்யவேண்டும். அந்த வழி நல்ல வழிதான், பாதுகாப்பானதும்கூட. ஆனால் லோயருக்குக் காசு வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும், அண்ணன் தம்பிகளுக்குள் ஒருவர் மறுத்தால் இன்னும் இழுக்கும்.

அம்மாவுக்கு இன்னும் நல்ல நேரங்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். காலை ஒன்பது பத்து மணிக்கு ஆளைத் தெரிகிறது, கணக்குத் தெரிகிறது. நோயின் பெயர் எழுதப்பட்டுவிட்டதால் மட்டும் ஒருவர் கையெழுத்துப் போடும் தகுதியை இழப்பதில்லை. எதில் கையெழுத்திடுகிறார், அதனால் என்ன நடக்கும் என்று அந்த நேரத்தில் விளங்கவேண்டும். அது விளங்குகிறது என்று மனநல நிபுணரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கையெழுத்து வைக்கும் அதே வாரத் திகதி அதில் இருக்கட்டும். நொத்தாரிசு தமிழில் வாசித்துச் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். பிள்ளைகள் யாரும் அறைக்குள் நிற்காமல் அம்மாவிடம் தனியே கேட்கச் சொல்லுங்கள்.

விளங்காத ஒருவரின் கையைப் பிடித்து எழுதவைக்க ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். நான் வேலை செய்த ஒரு வாட்டில், சாமத்தில் பார்வையாளர் என்று சொல்லி உள்ளே வந்தவர்கள், அரை மயக்கத்தில் கிடந்த பாட்டியின் பெருவிரலை மையில் அமுக்கப் பார்த்தார்கள். பாட்டி விரலை உள்ளங்கைக்குள் மடித்து இறுக்கிக்கொண்டார். பேச்சில்லை, கண் திறக்கவில்லை, விரலை மட்டும் விடவில்லை. நான் சத்தம் போட்டு அவர்களை வெளியே அனுப்பினேன். அந்த மடித்த விரல் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கையெழுத்து வைக்கும் நிலையில் அம்மா இருந்தால் என்னென்ன செய்துகொள்ளலாம்? வங்கியில் அக்காவையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு, இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்ற முறையில். அந்தக் காசு அம்மாவின் செலவுக்கு மட்டும் என்று நீங்கள் மூன்று பேரும் ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அக்காவை ஒருவரும் கேள்வி கேட்கக்கூடாது. நிலையான வைப்பு முதிரும்போது தானாகப் புதுப்பிக்கவும், வட்டியை மாதாமாதம் சேமிப்புக் கணக்கில் போடவும் இப்போதே எழுதிக்கொடுங்கள். பிறகு அதை எடுக்க அம்மாவை வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வரக்கூடாது. அம்மா அரசாங்கப் பென்சன் எடுப்பவர் என்றால் வருடத்துக்கு ஒரு தரம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அதைக் கிராம சேவகர் மூலம் எப்படிச் செய்வது என்று அக்கா இப்போதே கேட்டு வைக்கட்டும். இன்னும் ஒன்று: தனக்கு இயலாமல் போனால் யாருடன் இருக்க விருப்பம், யார் காசைப் பார்க்கவேண்டும் என்று அம்மா தன் வாயால் சொல்ல, அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு நீதிமன்றம் போகவேண்டி வந்தாலும் காட்ட ஒரு சான்று இருக்கும்.

வீடு பற்றி. சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, அம்மாவுக்கு வைத்துவிட்டு உறுதியை இப்போதே பிள்ளைகள் பெயரில் நன்கொடையாக எழுதிவிடலாம் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த வீடுதான் அம்மாவின் பராமரிப்புக் காசு. அவருக்கு இல்லம் தேவைப்படும் நாளில் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் வாடகை அந்தக் கட்டணத்தின் பெரும் பகுதியைத் தாங்கக்கூடும். கடைசியில் விற்கவேண்டி வந்தாலும் அது அவருக்காக விற்கப்படவேண்டும். எழுதிக்கொடுத்துவிட்டால் மூன்று பிள்ளைகளின் சம்மதமும், அவர்களுடைய கடன் தொல்லைகளும், மனைவி கணவரின் அபிப்பிராயமும் நடுவில் வந்து நிற்கும். யாருக்கு என்ன போகவேண்டும் என்பதை மரண சாசனத்தில் எழுதட்டும். வீடு அம்மா உயிரோடு இருக்கும்வரை அம்மாவுடையதாக இருக்கட்டும்.

இனிக் காசுக் கணக்கு. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இந்த நோய் தெரிந்தபிறகு நாலு முதல் எட்டு வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்கு மேலும் இருப்பவர் உண்டு. கணக்குப் பழக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம்: எல்லாம் சேர்த்து மாதம் 150,000 ரூபா. வருடம் 18 இலட்சம். ஆறு வருடத்துக்கு 1 கோடி 8 இலட்சம். வருடத்துக்கு 8 சதவீதம் கூடினால் அதே ஆறு வருடம் ஏறக்குறைய 1 கோடி 32 இலட்சம். 2022ஐ நினைத்துப் பாருங்கள். செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். ரூபாவிலே வைப்பு வைத்து அந்த வட்டியில் அம்மா அப்பாவைப் பார்த்தவர்கள் அந்த வருடம் அழுதார்கள். வெளிநாட்டுக் காசு வரும் வீடுகள் தப்பின. ஆகவே முழுப் பாரத்தையும் ரூபா வைப்பில் ஏற்றாமல், நீங்களும் அண்ணாவும் டொலரில் ஒரு பங்கை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லத்தோடு எழுதும் ஒப்பந்தத்திலும் கட்டணம் எத்தனை மாதத்துக்கு ஒரு தரம், எவ்வளவு கூடும் என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

சொன்ன கட்டணத்துக்கு வெளியே வருபவைதான் ஆளை விழுத்தும். பம்பேர்ஸ் நாளுக்கு நாலு என்றால் மாதம் 120. மருந்து, டொக்டர் வந்து பார்க்கும் காசு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கூட நிற்கும் ஆளுக்குச் சம்பளம், படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, காற்று மெத்தை. சேரும்போது வாங்கும் முற்பணம் திரும்பக் கிடைக்குமா, அம்மா இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்த நாட்களுக்கும் கட்டவேண்டுமா? இவற்றை எழுத்தில் கேளுங்கள்.

காப்புறுதியை நம்பியிருக்கவேண்டாம். இங்கே கிடைக்கும் மருத்துவக் காப்புறுதி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால் தரும் காசுதான். குளிப்பாட்டி ஊட்டி வருடக்கணக்கில் பார்ப்பதற்கு அதில் இடமில்லை. சின்னச் சின்ன வரவுகளை விடாதீர்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 10 இலட்சம் ரூபா வரையான ஒரு வருட வைப்புக்கு 3 சதவீதம் மேலதிக வட்டி என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வருடம் 30,000 ரூபா, பம்பேர்ஸ் செலவில் ஒரு பங்கு. 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 சதவீத வரியை வங்கி பிடிக்கிறது. அம்மாவின் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைப் பிடிக்காமல் செய்யலாம். எத்தனையோ முதியவர்கள் இது தெரியாமல் இழக்கிறார்கள்.

கணக்கில் ஒருவரும் எழுதாத ஒரு செலவு இருக்கிறது. அது உங்கள் அக்கா. நீங்கள் எழுதிய நீண்ட கடிதத்தில் அக்காவைப் பற்றி “அவ பாத்துக்கொள்ளுறா” என்று இரண்டு சொல்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் அந்த இடத்தில் இருந்தவள். மாமி நோயாய் இருந்த காலத்தில் சாமம் மூன்று மணிக்கு எழும்பி, அலுமாரியில் இருந்த சேலைகளைத் தலையணை உறைக்குள் திணித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். “பிள்ளை, யாழ்தேவி வெளிக்கிட்டுதோ? வீட்டை போகவேணும்.” வீட்டில்தானே நிற்கிறீர்கள் என்று நான் முதல் ஆறு மாதம் வாதாடினேன். அவர் அழுவார், நானும் அழுவேன். பிறகுதான் விளங்கியது, அவர் கேட்டது சுழிபுரத்தில் அவருடைய தாய் வீட்டை. “காலமைதான் மாமி கோச்சி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்” என்று கையைப் பிடித்துக் கூட்டிவருவேன். தேத்தண்ணி முடிய யாழ்தேவி மறந்துபோகும். அப்படி ஒரு இரவுக்கு மூன்று தரம். விடிய நான் டியூட்டிக்கு ஓடவேண்டும். அக்கா வேலையை விட்டால் அவருடைய சம்பளமும், ஈ.பி.எஃப்.உம், ஐந்து வருடம் கழித்து வேலை தேடும் வயதும் போய்விடும். அதை அம்மாவின் பராமரிப்புச் செலவாக எழுதுங்கள். அக்கா வேலையை விடாமல் இருப்பதற்குத்தான் நீங்கள் அனுப்பும் காசு முதலில் போகவேண்டும். வருடத்தில் ஒரு மாதம் நீங்களோ அண்ணாவோ வந்து நின்று அக்காவை அந்த வீட்டைவிட்டு அனுப்பவும் வேண்டும்.

அம்மா இப்போது இருக்கும் நிலைக்கு வீட்டிலேயே ஆள் வைத்துப் பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை அக்கா கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். வாசல் கதவுக்கு மேலே, அம்மாவின் கண் போகாத உயரத்தில் ஒரு கொழுக்கியும், திறந்தால் அடிக்கும் மணியும் போடுங்கள். வீட்டுக்குள் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கொழுக்கியைப் போடவேண்டும், தனியே வைத்துப் பூட்டிவிட்டுப் போகக்கூடாது. கீழே நிற்கும் செக்கியூரிட்டிக்கு அம்மாவின் படத்தைக் காட்டி வைக்கட்டும். மரைன் டிரைவைத் தாண்டினால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். இதைச் செக்கியூரிட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். உடுப்பில் அக்காவின் தொலைபேசி இலக்கத்தைத் தைத்து விடுங்கள். காணவில்லை என்றால் தேடிப்பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று இருக்காமல் அந்த நிமிடமே பொலிஸின் 119க்குச் சொல்லுங்கள்.

பகலில் போய்வர ஒரு இடம்: மருதானை கெட்டவலமுல்லையில் லங்கா அல்ஸைமர் ஃபவுண்டேஷன். 2001இல் தொடங்கியது, சேவைகள் இலவசம். ஞாபகசக்தியைச் சோதித்துப் பார்ப்பார்கள், நோயாளரைச் சேர்த்து வைத்துப் பாட்டு, கைவேலை என்று செய்விப்பார்கள், பார்க்கிறவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். எந்த நாட்களில் யார் இருப்பார்கள், தமிழ் பேசுவோர் உண்டா என்று போனில் கேட்டுவிட்டு அக்காவை ஒரு தரம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா போகாவிட்டாலும் அக்கா போகவேண்டும்.

வேலைக்கு ஆள் எடுப்பதில் கொழும்பில் நடப்பது இதுதான்: ஏஜென்சிக்கு நீங்கள் ஒரு தொகை கட்டுவீர்கள், அதில் ஒரு பங்குதான் அந்தப் பிள்ளையின் கைக்குப் போகும். எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். குறைவாகப் போகும் இடத்தில் ஆள் நிற்காது, மாதத்துக்கு ஒரு புது முகம் வரும், அம்மாவின் குழப்பம் கூடும். தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் பெரும்பாலும் மலையகத்திலிருந்து வரும் பெண்கள்தான். அவர்களுக்குத் தனிப் படுக்கை, கிழமைக்கு ஒரு நாள் லீவு, இரவு விழித்தால் பகலில் நித்திரை, நேரத்துக்குச் சாப்பாடு. இவை இல்லாமல் 24 மணி நேரமும் ஒரே பெண்ணை வைத்துப் பார்ப்பது அநியாயம். களைத்துப்போன கையில் அம்மாவுக்கும் பாதுகாப்பு இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் ஊருக்குப் போவார். சித்திரை வருடப்பிறப்புக்குச் சிங்களப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். அந்த நாட்களுக்கு மாற்று ஆளை இரண்டு மாதம் முதலே பேசி வையுங்கள்.

எப்போது இல்லம்? இரவு ஆளில்லாமல் முடியாது என்று வரும்போது, ஒருவரால் தூக்க முடியாமல் போகும்போது, அல்லது அக்காவின் உடம்பு விழும்போது. அந்த நாள் வந்தால் அது அம்மாவைக் கைவிடுவதாகாது. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து அக்காவையும் நோயாளியாக்கிய குடும்பங்களுக்கு நான் போயிருக்கிறேன்.

இல்லம் பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள். பின்னேரம் ஐந்து, ஐந்தரைக்குச் சொல்லாமல் போங்கள். பொழுதுபடும் நேரம்தான் இந்த நோயாளருக்கு அந்தரம் கூடும் நேரம். அப்போது எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள், எத்தனை பேரைக் கதிரையில் கட்டி வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் தூங்கி வழிகிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் அமைதியாகத் தூங்கினால் மருந்துப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடக்குவதற்குக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் மறதி நோயாளருக்குப் பாரிசவாதமும் மரணமும் வரும் ஆபத்தைக் கூட்டும். டொக்டர் எழுதி, காரணம் எழுதி, எப்போது நிறுத்துவது என்றும் எழுதியிருந்தால் மட்டுமே அதற்குச் சம்மதியுங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்படியான இடங்கள் பதியப்பட்டிருக்கவேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே நான் பார்ப்பது பாஷை. ஒரு ஐயாவைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனைக்காரர், புகையிரதத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், வாழ்நாள் எல்லாம் சிங்களம் சரளமாகப் பேசினவர். அதை நம்பித்தான் மகள் அவரைப் புறநகரில் ஒரு இல்லத்தில் விட்டார். நல்ல இடம், தரை பளிச்சென்று இருக்கும். நோய் முற்றியபோது பிறகு படித்த பாஷைதான் முதலில் கழன்றது. ஐயா அடிக்கிறார், உடுப்பைக் கழற்றி எறிகிறார் என்று சொல்லி இரவுக் குளிசையைக் கூட்டியிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்தேன். சாரத்தின் முடிச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு, “தம்பி, ஒண்டுக்கு... ஒண்டுக்கு” என்றார். வேலைக்கு நின்ற பெடியன் குனிந்து “மொகத சீயா?” (என்ன தாத்தா?) என்று சிங்களத்தில் அன்பாகத்தான் கேட்டான். அவனுக்கு விளங்கவில்லை. ஐயா இரண்டு முறை சொல்லிவிட்டு சாரத்தை அவிழ்க்கப் போனார். அவன் கையைப் பிடித்தான், அவர் அடித்தார். இதுதான் அவர்கள் புத்தகத்தில் எழுதியிருந்த முரட்டுத்தனம். ஒண்டுக்கு என்றால் என்ன என்று நான் அந்தப் பெடியனுக்குச் சொன்னபோது அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். ஐயாவின் எல்லாக் கரைச்சலும் அதோடு தீரவில்லை. ஆனால் பகலில் பம்பேர்ஸ் இல்லாமல் இருந்தார், குளிசையும் பாதியானது.

ஆகவே தமிழ் பேசும் ஒருவராவது ஒவ்வொரு டியூட்டியிலும், குறிப்பாக இரவில், இருக்கும் சாதாரண இடத்தை, ஏசி போட்ட பெரிய இடத்தைவிட நான் மேலாகச் சொல்வேன். அம்மா மரக்கறி மட்டும் என்றால் அதையும், வெள்ளிக்கிழமை விளக்கேற்ற விடுவார்களா என்பதையும் கேளுங்கள். கைகள் மறக்காத வேலைகள் அவை.

உங்களைப்போல் வெளிநாட்டுக் காசு இல்லாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்கு: பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையும், வருமானம் குறைந்த 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கொடுப்பனவும் விசாரியுங்கள். 2025இல் அதை மாதம் 5,000 ரூபாவாக்கினார்கள். அரச, மத நிறுவனங்களின் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன, வடக்கில் கைதடி இல்லம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அவை மறதி நோய்க்கென்று அமைந்தவையல்ல. அலைந்து திரியும் நிலையில் உள்ளவரைச் சேர்ப்பார்களா என்று கேட்டுவிட்டே கூட்டிப்போகவேண்டும். வசதியிருந்தும் பிள்ளைகள் பார்க்காவிட்டால், நான் சொன்ன அதே 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபையிடம் பெற்றோர் முறையிட்டு மாதக் காசு பெறலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் டிசம்பரில் வருவதாக எழுதியிருந்தீர்கள். டொக்டரும் நொத்தாரிசும் அதுவரை காத்திருக்கவேண்டாம், அக்காவோடு போனில் இருந்து இந்த மாதமே ஒழுங்கு செய்யுங்கள். வந்து நிற்கும்போது நீங்களும் அக்காவும் இருந்து ஒரு தாள் எழுதுங்கள். வேலைக்கு வரும் பிள்ளைக்கும், பிறகு இல்லத்துக்கும், ஆஸ்பத்திரி வாட்டுக்கும் கொடுப்பதற்கு. அம்மா ஒண்டுக்கு என்றால் என்ன, வெளிக்கு என்றால் என்ன, நோகுது, குளிருது, தண்ணி விடாய்க்குது என்று அவர் சொல்லும் சொற்களை ஒரு பக்கத்திலும், அதே ஒலியைச் சிங்கள எழுத்தில் பொருளோடு மறுபக்கத்திலும் எழுதுங்கள். எந்தப் பக்கம் சரிந்து படுப்பார், தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவார், யார் பெயரைச் சொன்னால் அழுவார், கையைப் பிசைந்தால் என்ன அர்த்தம். பாதி அக்காவுக்குத்தான் தெரியும். அக்கா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.